மெஸ்கலின்: காட்சி கலைந்த பின்

மெஸ்கலின் என்பது அமெரிக்கக் கண்டத்துக் கள்ளிகள் சிலவற்றில் இயற்கையாக உருவாகும் வேதிப்பொருள். அது உடலுக்குள் சென்றால் ஏறத்தாழ அரை நாளுக்குப் புலன்களின் போக்கு மாறிவிடுகிறது. நிறங்கள் உள்ளிருந்து ஒளிர்கின்றன. மூடிய கண்ணுக்குள் வடிவங்கள் ஓடுகின்றன. நிமிடங்கள் நீள்கின்றன. தனக்கும் எதிரில் உள்ள பொருளுக்கும் இடையிலான எல்லை தளர்கிறது. பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. அனுபவித்தவர் மட்டும் அதோடு விடுவதில்லை. கண்டது என்ன, அது உண்மையா, அதற்கு என்ன பொருள் என்று நாட்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் யோசிக்கிறார்கள், எழுதியும் வைக்கிறார்கள். 1890-களிலிருந்து மருத்துவர்களும் தத்துவப் பேராசிரியர்களும் நாவலாசிரியர்களும் எழுதிய இத்தகைய குறிப்புகள் இன்று பெரும் தொகுப்பாகச் சேர்ந்துள்ளன. அவற்றை அருகருகே வைத்துப் படித்தால், காட்சிகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதும் அவற்றிலிருந்து எடுத்த முடிவுகள் ஒன்றோடொன்று மோதுவதும் தெரியும். ஒரே மூலக்கூறு ஒருவருக்கு வேதாந்தத்தை மெய்ப்பித்தது. இன்னொருவருக்கு வெறும் கேலிக்கூத்தாக முடிந்தது. இந்த முரண் எங்கிருந்து வருகிறது என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

மணமேல்குடிக் கரையின் கள்ளிகள்

தமிழ்நாட்டின் வறண்ட கரைகளில் கள்ளி பழகிய செடி. புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரத்தில், பாக் நீரிணையைப் பார்த்து அமைந்த மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் வட்டாரத்திலும் பனைக்கும் சீமைக்கருவேலுக்கும் நடுவே வேலியோரங்களில் அது வளர்கிறது. இந்தக் கரையில் இயல்பாக வளரும் கள்ளி எதிலும் மாயக்காட்சி தரும் அளவுக்கு மெஸ்கலின் இல்லை. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தவறாக எண்ணினால் ஆபத்து பெரிது.

திருகுக்கள்ளி, சதுரக்கள்ளி, இலைக்கள்ளி ஆகியவை ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கிளையைக் கீறினால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையையே பாதிக்கும். வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. சங்கப் பாடல்கள் பாலை நிலத்தில் காட்டும் கள்ளி இந்த வகையே. சப்பாத்திக்கள்ளி இவற்றுக்கு உறவே அல்ல. அதுதான் உண்மையான கள்ளிக் குடும்பத்தின் உறுப்பினர். அதன் தாயகம் அமெரிக்கா. அதைக் கீறினால் பால் வராது, கொழகொழப்பான நீர்தான் வரும். அதன் சிவந்த பழத்தைக் கிராமத்துப் பிள்ளைகள் மணலில் உருட்டித் தேய்த்து, ஒட்டியிருக்கும் பூமுள்ளைப் போக்கி, உள்ளே இருக்கும் நட்சத்திர முள்ளை எடுத்துவிட்டுத் தின்பார்கள். வாயும் விரலும் சிவக்கும். அந்தச் சிவப்பு பீட்டாலைன் என்ற நிறமி. பீட்ரூட்டின் நிறமும் அதே வகைதான்.

சப்பாத்திக்கள்ளி இந்தியாவில் பரவிய கதையில் ஒரு பூச்சிக்கும் பங்கு உண்டு. கொச்சினீல் என்ற செதில் பூச்சியிலிருந்து கிடைக்கும் செஞ்சாயத்தில் ஸ்பெயின் தனியுரிமை கொண்டாடியது. அதை உடைக்க நினைத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. சென்னையில் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் 1780-களின் பிற்பகுதியிலிருந்து இதற்காக ஓயாமல் பாடுபட்டார். பூச்சிக்குத் தீனியாகக் கள்ளி வளர்க்க சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு தோட்டமே எழுந்தது. 1795-இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டு வந்தார். வந்தது நல்ல சாயம் தரும் இனம் அல்ல, அதன் காட்டு உறவு. அது நல்ல சாயம் தராமல், பரவிக் கிடந்த கள்ளி வகை ஒன்றைத் தின்று அழித்தது. 1926-இல் இதே குடும்பத்தின் இன்னொரு பூச்சி இலங்கையிலிருந்து வேண்டுமென்றே தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகளில் சுமார் 40,000 ஹெக்டேர் நிலத்தில் சப்பாத்திக்கள்ளிப் புதர்கள் மறைந்தன. உலகில் உயிரியல் முறைக் களைக் கட்டுப்பாட்டின் தொடக்கக்கால வெற்றிகளில் இது முக்கியமானது. 

பெயோட்டேயும் சான் பெட்ரோவும்

மெஸ்கலின் நிறைந்த கள்ளிகளில் புகழ்பெற்றவை இரண்டு. பெயோட்டே மெக்சிகோவின் வடபகுதியிலும் டெக்சஸ் மாநிலத்தின் தென்கோடியிலும் வளர்கிறது. அதற்கு முள் கிடையாது. சாம்பல் பூத்த பச்சை நிறத்தில், தரைக்குச் சற்றே மேலே தலை நீட்டியபடி புதர்களின் நிழலில் ஒளிந்திருக்கும். உடலின் பெரும்பகுதி, கிழங்கு போன்ற வேராக, மண்ணுக்குள் இருக்கிறது. தலையை மட்டும் அரிந்து உலர்த்தினால் தடித்த பொத்தான் போன்ற வில்லை கிடைக்கும். அதன் கசப்பு நாக்கைச் சுருட்டும். மேய வரும் விலங்குகளிடமிருந்து செடியைக் காப்பது அந்தக் கசப்பே என்று தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள். டெக்சஸின் ஷும்லா குகைகளில் கிடைத்த பெயோட்டே மாதிரிகளின் வயது சுமார் 5,700 ஆண்டு எனக் கதிரியக்கக் கார்பன் முறை காட்டியது. சான் பெட்ரோ இதற்கு நேர்மாறானது. ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் தூண் தூணாக, ஆள் உயரத்தை வெகுவாகத் தாண்டி வளரும். பெரு நாட்டின் சாவின் தே வாந்தார் கோயில் இடிபாடுகளில், கையில் இந்தக் கள்ளித்தண்டைப் பிடித்த ஓர் உருவம் கல்லில் செதுக்கப்பட்டுள்ளது.

1620-இல் மெக்சிகோவின் ஸ்பானிய மதவிசாரணை மன்றம் பெயோட்டேயைத் தடை செய்தது. தடை இருந்தும் வழக்கம் அழியவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது அமெரிக்கப் பூர்வகுடிகளிடையே வடக்கு நோக்கிப் பரவியது. 1918-இல் ஒக்லஹோமாவில், பெயோட்டேச் சடங்கை நடத்தும் பூர்வகுடி அமெரிக்கத் திருச்சபை பதிவு செய்யப்பட்டது. இதே காலத்தில் ஐரோப்பிய வேதியியலாளர்களும் இந்தச் செடியைக் கையில் எடுத்தார்கள். 1897-இல் ஜெர்மனியின் ஆர்தர் ஹெஃப்டர் பெயோட்டேயிலிருந்து பல காரப்பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தாமே உண்டு பார்த்தார். காட்சிகளுக்குக் காரணம் மெஸ்கலின்தான் என்று அப்படித்தான் உறுதியானது. 1919-இல் வியன்னாவின் எர்ன்ஸ்ட் ஷ்பேத் அதை ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்தார். அதன் பிறகு ஆய்வுக்குச் செடி தேவைப்படவில்லை.

மெஸ்கலினின் மூலக்கூறு மனித உடலுக்கு அந்நியமான அமைப்பு கொண்டதல்ல. உடலில் சுரக்கும் டோபமைனும் அட்ரீனலினும் எந்த வேதிக் குடும்பமோ அதே குடும்பம்தான் இதுவும். கள்ளி, டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கி, டோபமைன் வழியாகவே மெஸ்கலினைக் கட்டுகிறது. ஆனால் உடலில் அது முக்கியமாகப் பற்றிக்கொள்வது டோபமைனின் ஏற்பியை அல்ல, செரோடோனினின் 2ஏ வகை ஏற்பியை. மூளைப் புறணியில் இந்த ஏற்பிகள் செறிந்துள்ளன. இவற்றைத் தடுக்கும் கெடான்செரின் என்ற மருந்தைக் கொடுத்தால் மெஸ்கலினின் விளைவு வெகுவாகத் தணிந்துவிடுகிறது. எல்.எஸ்.டி.யும், சில காளான்களில் உள்ள சைலோசைபினும் இதே ஏற்பியின் வழியாகத்தான் வேலை செய்கின்றன. சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் 32 நலமான தன்னார்வலர்களிடம் இந்த மூன்றையும் ஒப்பிட்டு 2023-இல் வெளியான ஆய்வு, ஈடான அளவில் கொடுத்தபோது அனுபவத்தின் தன்மையில் வேறுபாடு இல்லை என்று கண்டது. கால அளவு மட்டும் மாறியது: மெஸ்கலின் சராசரியாக 11.1 மணி நேரமும், எல்.எஸ்.டி. 8.2 மணி நேரமும், சைலோசைபின் 4.9 மணி நேரமும் நீடித்தன.

முதலில் வருவது காட்சி அல்ல, குமட்டல். பலர் வாந்தி எடுக்கிறார்கள். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன, கண்மணி விரிகிறது. ஓரிரு மணி நேரம் கழித்தே நிறங்கள் மாறத் தொடங்குகின்றன. இந்தக் கட்டத்தில் தோன்றும் வடிவங்களை முறையாக வகைப்படுத்தியவர் ஹைன்ரிக் க்ளூவர். 1920-களில் அவர் பலருடைய விவரிப்புகளை ஒப்பிட்டு, எல்லாம் நான்கு அடிப்படை வடிவங்களுக்குள் அடங்குவதைக் கண்டார்: வலைச்சட்டமும் தேன்கூடும் போன்றவை, சிலந்தி வலை போன்றவை, குழாயும் புனலும் போன்றவை, சுருள்கள். 1979-இல் பார்ட் எர்மென்ட்ராட், ஜாக் கோவன் என்ற இரு கணிதவியலாளர்கள் இதற்கு விளக்கம் தந்தார்கள். விழித்திரையில் விழும் படம் மூளையின் பார்வைப் புறணிக்குப் போகும்போது ஒரு குறிப்பிட்ட விதத்தில் உருமாறுகிறது. விழித்திரையின் வட்டங்களும் ஆரங்களும் புறணியில் நேர்கோடுகளாகின்றன. புறணியின் நரம்பணுக்கள் நிலை குலையும்போது அங்கே எளிய கோடுகளாக எழும் துடிப்பு அலைகளை, மூளை வெளியுலகக் காட்சியாக வாசிக்கிறது. நேர்கோட்டு அலை அப்போது சுருளாகவோ புனலாகவோ தெரிகிறது. வாசலில் சிக்குக்கோலம் போடும் கை புள்ளி வைத்து எண்ணி எண்ணி உண்டாக்கும் ஒழுங்கு, இங்கே நரம்புகளின் இணைப்பு முறையிலிருந்து தானாகவே எழுகிறது. எந்த நாட்டவர் என்றாலும், எந்த மதத்தினர் என்றாலும் அந்த இணைப்பு முறை ஒன்றே. காட்சியின் அடித்தளம் ஆளுக்கு ஆள் மாறாததற்குக் காரணம் இதுவே.

நினைவு தங்குவது ஏன் முக்கியம்

மயக்கம் தரும் எல்லாச் செடிகளும் பின்னோக்கிய சிந்தனைக்கு இடம் தருவதில்லை. இதைப் புரிந்துகொள்ளத் தமிழ்நாட்டில் நன்கு பழகிய ஒரு செடி உதவும். ஊமத்தை தரிசிலும் சாலையோரத்திலும் தானாக வளர்வது; அதன் பூ சிவனுக்கு உகந்தது. அதில் அட்ரோபின், ஸ்கோபோலமைன், ஹயோசயமின் ஆகிய நஞ்சுகள் உள்ளன. இவை அசிட்டைல்கோலின் என்ற நரம்புக் கடத்தியை முடக்குகின்றன. அசிட்டைல்கோலின் இல்லாமல் மூளையால் புதிய நினைவுகளைப் பதிவு செய்ய முடியாது. ஊமத்தை விதை தின்றவர் இல்லாத ஆளோடு பேசுவார், காற்றில் எதையோ பொறுக்குவார், அது மாயை என்று அவருக்குத் துளியும் தெரியாது. வாய் உலர்ந்து, உடல் கொதித்து, சிலர் இறந்தும் போகிறார்கள். பிழைத்தவரிடம் மறுநாள் கேட்டால் பெரும்பாலும் எதுவும் நினைவில் இருப்பதில்லை. எழுதுவதற்கோ யோசிப்பதற்கோ அங்கே ஒன்றும் மிஞ்சுவதில்லை.

மெஸ்கலின் அசிட்டைல்கோலினை இப்படி முடக்குவதில்லை. காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்ப்பவர் பெரும்பாலும் தெளிவாக இருக்கிறார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறார், தாம் காண்பது மருந்தின் விளைவு என்று அறிந்திருக்கிறார், மறுநாள் அதைக் கோவையாகச் சொல்கிறார். மெஸ்கலின் பற்றி இவ்வளவு எழுத்து உண்டானதற்கும் ஊமத்தை பற்றி அப்படி உண்டாகாததற்கும் வேதியியல் காரணம் இதுதான்.

எழுதியவர்கள்

அமெரிக்காவில் முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் பிலடெல்பியாவின் நரம்பியல் மருத்துவர் சைலஸ் வேய்ர் மிட்செல். 1896 மே மாதம் பெயோட்டேச் சாற்றை அருந்திவிட்டு, ரத்தினங்கள் பதித்த கோபுரம் ஒன்று கண் முன் எழுந்ததை வியந்து பதிவு செய்தார். அவ்வளவு அழகானது எளிதில் கிடைத்தால் மக்கள் அதற்கு அடிமையாகிவிடுவார்களே என்ற கவலையையும் சேர்த்தே எழுதினார். அவர் அனுப்பிய செடியை ஹார்வர்டின் வில்லியம் ஜேம்ஸ் தின்று பார்த்தார். ஒரு நாள் முழுக்க வாந்தியும் வயிற்றுக் கலக்கமும்தான் மிச்சம். காட்சி எதுவும் வரவில்லை. அந்த ஜேம்ஸ்தான் 1902-இல் வெளியிட்ட நூலில் ஆன்ம அனுபவத்துக்கு நான்கு அடையாளங்கள் சொன்னார்: சொல்லில் அடங்காமை, ஏதோ ஓர் உண்மையை அறிந்துவிட்டோம் என்ற உறுதி, விரைவில் மறைதல், தன் வசத்தில் இல்லாமை. இவற்றில் இரண்டாவது, பின்னாளைய விவாதம் முழுவதற்கும் மையமாயிற்று. உறுதி என்பது ஓர் உணர்ச்சி. அறிந்தது உண்மையா என்பது வேறு கேள்வி. உணர்ச்சி எவ்வளவு வலுவாக இருந்தாலும் அந்தக் கேள்விக்கு அது பதில் ஆகாது.

எல்லா அனுபவமும் அழகில் முடிவதில்லை. 1935-இல் பாரிஸின் சேன்ட்-ஆன் மருத்துவமனையில் ழான்-பால் சார்த்தருக்கு மெஸ்கலின் ஊசி போடப்பட்டது. கற்பனை எப்படி இயங்குகிறது என்று எழுதிக்கொண்டிருந்த அவருக்கு அதை நேரில் பார்க்கும் ஆசை. குடைகள் கழுகுகளாகத் தெரிந்தன, நண்டுகள் ஊர்ந்தன. மருந்து வடிந்த பின்னும் பல மாதங்கள் நண்டுகள் தம்மைத் தொடர்வதாக அவர் உணர்ந்தார். பிரெஞ்சுக் கவிஞர் ஆன்ரி மிஷோ தம் 1956-ஆம் ஆண்டு நூலில் மெஸ்கலினை இரக்கத்துக்குரிய அற்புதம் என்றே பெயரிட்டு அழைத்தார். ஒருமுறை அளவைக் கணக்கிட்டதில் பிழை நேர்ந்து, நினைத்ததைவிடப் பலமடங்கு உட்கொண்டுவிட்ட அவர், பைத்தியம் என்பதன் உள்பக்கத்தைப் பார்த்ததாக எழுதினார். தென்னிந்தியாவில் பயணம் செய்து எழுதியவர் அவர். கீழைத் தேச ஆன்மிகத்தை நன்கு அறிந்திருந்தும் தாம் கண்ட காட்சிகளுக்கு அந்தப் பெயரைச் சூட்டவில்லை.

இந்தியாவை நேரடியாகத் தொட்ட விவாதம் ஆல்டஸ் ஹக்ஸ்லியிடம் தொடங்குகிறது. 1953 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில், மனநல மருத்துவர் ஹம்ப்ரி ஆஸ்மண்ட் முன்னிலையில் அவர் 0.4 கிராம் மெஸ்கலின் உட்கொண்டார். சைகடெலிக் என்ற சொல்லைப் பின்னாளில் உருவாக்கியவர் இந்த ஆஸ்மண்டே. ஹக்ஸ்லி எதிர்பார்த்த தெய்வக் காட்சிகளோ ரத்தினக் கோபுரங்களோ வரவில்லை. மேசைமேல் ஒரு சாடியில் மூன்று பூக்கள் இருந்தன. காலையில் அவற்றின் நிறங்கள் பொருந்தவில்லை என்று நினைத்திருந்தார். இப்போது அந்தப் பூக்கள் இருக்கின்றன என்பதே அவரைத் திகைக்க வைத்தது. தம் கால்சட்டையின் மடிப்புகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறு ஆண்டு வெளிவந்த நூலில் இந்த அனுபவத்தை விளக்க அவர் கையாண்ட சொற்களில் ஒன்று சத்-சித்-ஆனந்தம். மூளை அறிவை உண்டாக்குவதில்லை, பேரறிவை வடிகட்டிச் சிறிதாக்கித் தருகிறது, மெஸ்கலின் அந்த வடிகட்டியைத் தளர்த்துகிறது என்று வாதிட்டார்.

ஹக்ஸ்லிக்கு இந்தச் சொற்கள் மெஸ்கலினிலிருந்து கிடைக்கவில்லை. ஹாலிவுட்டில் ராமகிருஷ்ண மடத்தின் சுவாமி பிரபவானந்தர் நடத்திய வேதாந்த மையத்தோடு அவருக்குப் பல ஆண்டுத் தொடர்பு. ஜே. கிருஷ்ணமூர்த்தி அவருடைய நெருங்கிய நண்பர். 1945-இலேயே எல்லா மதங்களின் உள்ளீடும் ஒன்றே என்று நூல் எழுதியவர் ஹக்ஸ்லி. 1953-இல் அவர் கண்டது பூச்சாடி. அதை வாசித்த கண் ஏற்கெனவே வேதாந்தத்தில் பழகியிருந்தது. பிரபவானந்தரோ மருந்தால் வரும் நிலையை ஆன்மிக நிலையாக ஏற்க மறுத்துவிட்டார்.

ஹக்ஸ்லியின் நூல் ஆக்ஸ்போர்டில் ஒருவரைச் சினங்கொள்ள வைத்தது. கீழைத் தேச மதங்களுக்கான ஸ்பால்டிங் பேராசிரியர் ஆர். சி. ஸேனர் அவர். அந்த இருக்கையில் 1936 முதல் 1952 வரை அமர்ந்திருந்தவர் திருத்தணியில் பிறந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். ஆன்ம அனுபவம் அடிப்படையில் ஒன்று, விளக்கங்களே வேறு என்பது ராதாகிருஷ்ணனின் நிலைப்பாடு. அவருக்குப் பின் வந்த ஸேனர் கத்தோலிக்கராக மாறியவர், பாரசீகமும் சமஸ்கிருதமும் கற்றவர். அனுபவங்களே வெவ்வேறு வகை என்று நம்பினார். வாதத்தோடு நிற்காமல் 1955 டிசம்பர் 3-ஆம் தேதி அவரும் மெஸ்கலின் உட்கொண்டார். கொடுத்தவர் நைனித்தாலில் பிறந்த மனநல மருத்துவர் ஜான் ஸ்மித்திஸ். கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தின் வட்டக் கண்ணாடிச் சாளரம் விரிந்து சுருங்குவதை ஸேனர் பார்த்தார். பிறகு அடக்க முடியாத சிரிப்பு வந்தது. எல்லாமே அர்த்தமற்ற வேடிக்கையாகத் தெரிந்தது. கடவுளைப் பற்றி அங்கே எதுவும் இல்லை என்று 1957-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். இயற்கையோடு ஒன்றிவிடும் உணர்வு ஒன்று, தன் ஆன்மாவின் தனிமையில் அமைவது ஒன்று, கடவுளிடம் அன்பால் சேர்வது வேறொன்று என அவர் பிரித்தார். மூன்றாவதன் இந்தியச் சான்றாக அவர் மதித்தது, சங்கரருக்கு எதிரே நின்ற ஸ்ரீபெரும்புதூரின் ராமானுஜரை. மெஸ்கலினைப் பற்றிய இருபதாம் நூற்றாண்டு விவாதம் இப்படித்தான் அத்வைதத்துக்கும் விசிஷ்டாத்வைதத்துக்கும் இடையிலான பழைய வாதத்துக்குள் வந்து சேர்ந்தது.

ஸேனரின் சோதனை நியாயமானது என்று சொல்வது கடினம். மெஸ்கலினில் கடவுள் இல்லை என்று நிறுவ வந்தவர், அதையே கண்டார். ஆனால் ஹக்ஸ்லியின் சோதனையும் அதே அளவுக்குத்தான் நியாயமானது. இருவர் குறிப்புகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் பயன் கிடைக்கிறது: அளவு ஒன்று, மூலக்கூறு ஒன்று, இருவரும் பெரும் படிப்பாளிகள், முடிவுகள் மட்டும் எதிரெதிர்.

கூட்டமாகப் பொருள் காண்பது

பூர்வகுடி அமெரிக்கத் திருச்சபையில் பெயோட்டே தனி மனிதரின் தேடல் அல்ல. சடங்கு இரவு முழுவதும் நடக்கும். நடுவில் நெருப்பு, அதைச் சுற்றிக் குடும்பங்கள், பறை, பாட்டு, விடியலில் தண்ணீரும் உணவும். யாருக்கோ நோய், யாரோ குடியை விட வேண்டும், ஒரு பிள்ளை படிக்கப் போகிறது என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நோக்கம் இருக்கும். கண்டதை விளக்க முதியவர்கள் இருக்கிறார்கள். மறுநாள் யோசிப்பதும் சேர்ந்தே நடக்கிறது. ஜான் ஹால்பெர்ன் குழுவினர் நவஹோ மக்களிடையே நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்தது நூறு முறையேனும் சடங்கில் பெயோட்டே உண்ட 61 பேரிடம் அதனால் அறிவுத்திறன் குறைந்ததற்கோ மனநலம் கெட்டதற்கோ அறிகுறி தென்படவில்லை. இந்த முடிவைச் செடிக்கான நற்சான்றாக மட்டும் வாசிப்பது தவறு. சமூகம், கட்டுப்பாடு, வழிவழி வந்த விளக்கம் ஆகியவற்றோடு சேர்ந்த செடிக்கான சான்று அது. சார்த்தருக்கு மருத்துவமனை அறையில் இவற்றில் எதுவும் கிடைக்கவில்லை.

அண்மை ஆய்வுகள் இதை வேறு வழியில் உறுதி செய்கின்றன. எல்.எஸ்.டி.யின் தாக்கத்தில் இருப்பவர் பிறரின் தூண்டுசொற்களுக்கு எளிதில் ஆட்படுகிறார் என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. இத்தகைய பொருள்களை உட்கொண்டவர்களிடம், உலகம் வெறும் பருப்பொருளால் ஆனது என்ற நம்பிக்கை குறைந்து, அறிவு எங்கும் நிறைந்தது என்பது போன்ற நம்பிக்கைகள் கூடுவதாக 2021-இல் இன்னோர் ஆய்வு கண்டது. அதே ஆண்டு, மெஸ்கலின் பயன்படுத்திய 400-க்கும் மேற்பட்டோரிடம் எடுத்த கணக்கெடுப்பில், மனச்சோர்வோ பதற்றமோ இருந்தவர்களில் பெரும்பாலோர் அது தணிந்ததாகச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் தாமாக முன்வந்து பதில் தந்தவர்கள். கெட்ட அனுபவம் பெற்றவர் அப்படி முன்வருவது குறைவு. மருந்துபோல இதைப் பரிந்துரைக்க இந்தச் சான்று போதாது. அனுபவத்துக்குப் பின் சில நாள்களோ வாரங்களோ மனம் இலேசாக, பழக்கங்களை மாற்ற ஏற்றதாக இருப்பதைப் பல ஆய்வுகள் குறிப்பிடுகின்றன. அந்த நாள்களில் அருகில் இருப்பவர் யார், கையில் இருக்கும் நூல் எது, கூட வருபவர் என்ன சொல்கிறார் என்பவை நினைவின் வடிவத்தையே மாற்றுகின்றன. ஒவ்வொரு முறை நினைவுகூரும்போதும் நினைவு புதிதாக எழுதப்படுவதால், ஆண்டுகள் கழித்துச் சொல்லப்படும் அனுபவத்தில் காட்சி எது, விளக்கம் எது என்று பிரிப்பது சொன்னவருக்கே இயலாது.

தமிழ் மரபில் இந்தச் சிக்கலுக்கு ஒரு பழைய அணுகுமுறை உண்டு. குலச்சிறை நாயனாரின் ஊரான மணமேல்குடியிலிருந்து மேற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் இருக்கிறது திருப்பெருந்துறை எனப்படும் ஆவுடையார்கோயில். பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கடற்கரை நோக்கிப் பொருளோடு வந்த மாணிக்கவாசகர், இங்கே குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு வாழ்வு மாறப்பெற்றார் என்பது மரபு. அதில் செடியும் இல்லை, மருந்தும் இல்லை; மெஸ்கலின் அனுபவத்தோடு அதைச் சமப்படுத்துவது இரண்டையும் கொச்சைப்படுத்தும். ஆனாலும் ஒரு பேரனுபவத்துக்குப் பின் வந்த எழுத்து என்ற வகையில் திருவாசகம் இங்கே பொருந்துகிறது. அந்த நூல் காட்சியை விவரிப்பதில் செலவிடும் இடம் குறைவு. காட்டியவர் மறைந்துபோன பின் உள்ள ஏக்கமும், தகுதியற்றவனுக்கு இது ஏன் கிடைத்தது என்ற நடுக்கமும், இனி எப்படி வாழ்வது என்ற கேள்வியுமே அதில் நிறைந்திருக்கின்றன. கோயிலும் அந்த மனப்போக்கையே காட்டுகிறது. கருவறையில் ஆவுடையார் மட்டும் உண்டு, அதன்மேல் லிங்கம் இல்லை. சுடச்சுட வடித்த புழுங்கலரிசிச் சோற்றைப் படைகல்லில் கொட்டுகிறார்கள். எழும் ஆவியே நைவேத்தியம். அனுபவத்தைக் காட்சியின் பகட்டால் அளக்காமல் பின்வந்த வாழ்வால் அளக்கும் இந்த முறை, இன்றைய ஆய்வாளர்கள் மாதங்கள் கழித்துத் திரும்பப் போய் உறவினர்களையும் கேட்டு அளக்கும் முறைக்கு நெருக்கமானது.

தீங்கும் சட்டமும்

மெஸ்கலினின் தீங்குகள் உண்மையானவை. இதய நோயும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவருக்கு அது ஆபத்து. மனச்சிதைவோ இருமுனையக் கோளாறோ தமக்கோ குடும்பத்திலோ இருந்தால், ஒருமுறை உட்கொள்வதே நோயைத் தூண்டலாம். சிலருக்குப் பார்வைக் கோளாறு மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. அச்சம் முற்றி ஓடுவதும் விழுவதும் நீரில் இறங்குவதும் விபத்தில் முடிந்திருக்கின்றன. 1971-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை மெஸ்கலினை மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்தது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் அட்டவணையில் அது பெயர் சொல்லி இடம்பெற்றுள்ளது. வைத்திருப்பதும் விற்பதும் உட்கொள்வதும் குற்றம். அமெரிக்காவிலும் அது தடை செய்யப்பட்ட பொருளே. 1994-இல் திருத்தப்பட்ட சட்டம் பூர்வகுடியினரின் சடங்குகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது.

அந்தச் சடங்குகளுக்கே இப்போது செடி போதவில்லை. பெயோட்டே விதையிலிருந்து பூக்கும் பருவத்தை எட்டப் பத்தாண்டுக்கு மேலும் ஆகலாம். தலையை மட்டும் ஒழுங்காக அரிந்தால் வேரிலிருந்து புதுத் தலை முளைக்கும். ஆழமாக வெட்டினாலோ பிடுங்கினாலோ செடி செத்துவிடும். டெக்சஸில் மேய்ச்சல் நிலங்கள் உழப்பட்டு, காற்றாலைகளும் சாலைகளும் வந்து, அனுபவம் தேடும் வெளியாள்களும் வெட்டிப் போவதால் அதன் வளர்விடங்கள் சுருங்கிவருகின்றன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிட்டுள்ளது. மெக்சிகோவில் விசாரிக்கா மக்கள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து விரிக்குட்டா பாலைக்குச் சென்று அதைச் சேகரிக்கிறார்கள். அந்தப் பாலையைச் சுரங்கங்களிடமிருந்து காக்க அவர்கள் நீதிமன்றத்திலும் போராட வேண்டியிருக்கிறது. ஆய்வகங்களுக்கு ஷ்பேத்தின் வழியில் தயாரித்த மெஸ்கலினே போதும் என்பதால், மருத்துவ ஆய்வுகள் பெருகினாலும் செடியின் மேல் சுமை ஏறத் தேவையில்லை. காட்டுச் செடியைத் திருச்சபையினருக்கும் விசாரிக்கா மக்களுக்கும் விட்டுவிடுங்கள் என்பதே அந்தச் சமூகங்கள் வெளியாரிடம் வைக்கும் கோரிக்கை.